எருமைக்கு ஸ்கேனா?

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவரிடம், எருமையின் ஈரலை ஸ்கேன் செய்து பார்ப்பதைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். "எருமைக்கு ஸ்கேனா? நமக்கே எடுக்கச் சொன்னா ரெண்டு நாள் யோசிக்கிறோம் சார்!" என்று சிரித்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எருமை என்றால் அவருக்கு மானியக் கடன் கோப்புதான் ஞாபகம் வரும். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அவர் சொன்ன அந்தக் கடன் எருமைகளில் ஒன்று அன்று முழுவதும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அதன் கதையையும், அந்த ஸ்கேன் எப்படி எருமை வரைக்கும் வந்தது என்பதையும் இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் ஈரல் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். நமக்கு ஈரல் வயிற்றின் வலது மேல்பக்கம் இருக்கிறது. வீங்கினால் டாக்டர் விரலால் அழுத்தியே கண்டுபிடித்துவிடுவார். எருமையிடம் அது நடக்காது. அசைபோடும் பெரிய இரைப்பை இடது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்வதால், ஈரல் வலது பக்கம் விலா எலும்புகளுக்கு உள்ளே ஒதுங்கிக் கிடக்கிறது. ஒரு பக்கத்துக்கு 13 விலா எலும்புகள். அதன் மேல் தடித்த தோல். கை உள்ளே போக வழியில்லை.

ஆகவே எங்கள் தலைமுறை டாக்டர்கள் ஈரலைச் சுற்றி வளைத்துத்தான் விசாரித்தோம். கண் இமையை இழுத்துப் பார்ப்போம். வெளுத்திருந்தால் சோகை, மஞ்சளாக இருந்தால் காமாலை. தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்குகிறதா என்று பார்ப்போம். விலாவில் விரலால் தட்டிச் சத்தம் கேட்போம். சாணத்தை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைப்போம். இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவது அனுமானம்தான். ஈரலை நேரில் பார்ப்பது எருமை செத்த பிறகு, பிரேதப் பரிசோதனையில்.

அப்படிச் செத்த பிறகு நான் பார்த்த ஈரல்தான் நான் சொல்ல வந்த கதை.

வருடம் 1983. காவிரி டெல்டாவில் ஒரு கிராமத்து மாட்டாஸ்பத்திரியில் வேலை. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் வங்கிக் கடனும் மானியமும் சேர்த்துக் கறவை எருமைகள் கொடுத்துக்கொண்டிருந்த காலம். எல்லா ஒன்றியங்களுக்கும் அந்தத் திட்டம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கணவரை இழந்த ஒரு அம்மாள் அப்படி ஒரு எருமை வாங்கியிருந்தார். காதில் இன்சூரன்ஸ் வில்லை மாட்டியவனே நான்தான். முதல் ஈற்றில் நல்ல பால். இரண்டாவது ஈற்றுக்குப் பிறகு பால் இறங்கியது. மேய்ச்சல் இருந்தும் எருமை மெலிந்தது. ஆனி மாதம் கூட்டி வந்தபோது கண் வெளுத்திருந்தது, தாடை லேசாகத் தொங்கியது.

ஈரல் புழு என்றுதான் முதலில் நினைத்தேன். சாணம் பார்த்தேன். முட்டை இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன், இல்லை. மூன்றாம் முறையும் இல்லை. படித்த படிப்பு என்ன சொல்லிற்று? முட்டை இல்லையென்றால் புழு இல்லை. அப்போது நான் சர்வீசில் புதிது; மைக்ரோஸ்கோப்பை என் கண்ணைவிட நம்பினேன். ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கலாம் என்று அதற்கு ஊசி போட்டேன். பிறகு இரும்புச்சத்து டானிக், ஈரலுக்கு டானிக், குளுக்கோஸ். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கி வரச் சொன்னேன். அவரும் வாங்கி வந்தார். இரண்டு மாதம்.

ஒருநாள் அவர் காதைப் பார்த்தேன். தோட்டைக் காணவில்லை, ஈர்க்குச்சி இருந்தது. "என்னம்மா, தோடு எங்கே?" என்றேன். "அது கெடக்கட்டும் டாக்டரய்யா. மாடு நின்னா தோடு வரும்" என்றார்.

மாடு நிற்கவில்லை. ஆவணி கடைசியில் செத்துப் போனது. இன்சூரன்ஸுக்கு சர்ட்டிபிகேட் வேண்டும் என்பதால் வாய்க்கால் ஓரம் வைத்து அறுத்தேன். ஈரலில் கத்தியை வைத்ததும் நறநறவென்று சத்தம். பித்த நாளங்கள் ஒவ்வொன்றும் சுண்ணாம்பு படிந்த குழாய் மாதிரி தடித்து வெளுத்திருந்தன. கசாப்புக்கடைக்காரர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஈரலைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். ஒரு நாளத்தைப் பிளந்தேன். உள்ளே பழுப்பு நிறப் பித்தக் குழம்பில், இலை மாதிரித் தட்டையாக நாலைந்து புழுக்கள். அவ்வளவுதான். வருடக்கணக்கில் இருந்து போன நூற்றுக்கணக்கான புழுக்களின் தழும்புதான் மீதியெல்லாம்.

அந்த அம்மாள் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். "என்னய்யா இருந்துச்சு?" என்று கேட்டார். "ஈரல் புழும்மா" என்றேன். "அப்ப மொதல்லயே நீங்க நெனச்சதுதானே?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மூன்று முறையும் முட்டை ஏன் தெரியவில்லை? அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் அந்தப் புழுவின் சரித்திரம் தெரிய வேண்டும்.

ஈரல் புழுவைப் பற்றி எழுதி வைத்த பழையவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டு ஜான் டி பிரீ. ஆடு மேய்த்தவர். 1379இல் அரசர் ஐந்தாம் சார்லஸுக்காக ஆடு வளர்ப்பு பற்றி ஒரு நூல் செய்தார். ஏதோ ஒரு கெட்ட பூண்டைத் தின்பதால் ஆட்டின் ஈரலில் புழு உண்டாகிறது என்று அதில் சொன்னார். படித்தவர்கள் பிற்காலத்தில் இதைக் கேலி செய்திருக்கலாம். ஆனால் புல்லில்தான் விஷயம் இருக்கிறது என்பதை அந்த மேய்ப்பர் சரியாகவே பிடித்திருந்தார். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி அந்தப் புழுவைப் படம் வரைந்து காட்டினார். ஆனால் அது ஆட்டுக்குள் எப்படிப் போகிறது என்பது மேலும் இருநூறு வருடம் யாருக்கும் தெரியவில்லை.

1879, 1880 ஆண்டுகளில் இங்கிலாந்தில் விடாத மழை. ஈரல் நோயில் லட்சக்கணக்கில் ஆடுகள் செத்தன. ஆக்ஸ்போர்டில் ஏ. பி. தாமஸ் என்ற இளைஞரிடம் இதை ஆராயும் வேலை வந்தது. அதே சமயம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் லியூக்கார்ட் என்ற பேராசிரியரும் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். இருவரும் தனித்தனியாக, 1881 முதல் 1883க்குள், ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். நடுவில் இருப்பது ஒரு சின்ன நத்தை.

சாணத்தோடு வெளியே வரும் முட்டை தண்ணீரில் பொரிக்கிறது. பொரித்த குஞ்சு ஒரு நாளைக்குள் நத்தையைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். நத்தைக்குள் அது பல மடங்காகப் பெருகி, வெளியே நீந்தி வந்து, புல்லிலும் நெல் தாளின் அடித்தண்டிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. மாடு அதை மேய்கிறது. குடலில் கூடு உடைந்து, குட்டிப் புழு குடல் சுவரைத் துளைத்து, வயிற்றுக்குள் அலைந்து, ஈரலைக் குடைந்துகொண்டு பல வாரம் போகிறது. கடைசியில் பித்த நாளத்தில் குடியேறி அங்கே முட்டையிடுகிறது.

ஆட்டை அழித்த அந்தப் புழு குளிர்நாட்டுப் புழு. நம்முடையது அதன் அண்ணன், இன்னும் நீளமானது. 1855இல் காபோல்டு என்பவர் ஒரு ஒட்டகச்சிவிங்கியின் ஈரலில் கண்டு அதற்கு 'ஜைகாண்டிகா' என்று பெயர் வைத்தார். ராட்சசப் புழு என்று பொருள். நம் நாட்டு எருமையின் ஈரலில் இருப்பது பெரும்பாலும் இதுதான். லிம்னியா இனத்து நத்தைகள்தான் இதற்கு வீடு. வாய்க்கால் ஓரத்தில், குளத்துப் படித்துறையில், சின்னக் கூம்பு மாதிரி ஓட்டோடு ஒட்டியிருக்குமே, சிறு வயதில் நாமெல்லாம் பொறுக்கி விளையாடியிருக்கிறோம்.

இதைத் தஞ்சை ஜில்லாக் கணக்கில் வைத்துப் பாருங்கள். சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. வாய்க்கால் வற்றிக் குட்டை குட்டையாக நிற்கிறது. நத்தையெல்லாம் அந்த ஈரத்தில் கூடுகிறது. எருமையும் அதே ஈரத்தைத் தேடித்தான் போகும். புரள அதற்குச் சேறு வேண்டும். அங்கே தாளையும் புல்லையும் மேய்கிறது. உள்ளே போன புழு முட்டையிடும் பருவத்துக்கு வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே மாசியில் மேய்ந்ததற்கு வைகாசி, ஆனிக்கு முன்னால் சாணத்தில் சாட்சி கிடையாது. அதற்குள் ஈரல் பாதி குடையப்பட்டிருக்கும். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் எருமையே. ஒரு நாளைக்கு சுமார் 20 கிலோ சாணம் போடும் பிராணி. நான் எடுத்துப் பார்த்தது சில கிராம். நாலைந்து புழு இடும் முட்டை 20 கிலோவில் கரைந்துவிட்டால் என் கண்ணாடித் தகட்டில் எப்படி விழும்? பித்தப்பை சுருங்கும்போதுதான் முட்டை குடலுக்கு வருகிறது. ஆக எல்லா நேரமும் ஒரே அளவில் வருவதுமில்லை. நாளம் அடைபட்டிருந்தால் அதுவும் இல்லை. ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு குறைவாகவே சாணம் சாட்சி சொல்லும். மிகவும் கெட்ட ஈரல்தான் மிகவும் சுத்தமான சாணத்தைக் காட்டி என்னை ஏமாற்றியது.

மறுபக்கமும் ஒரு மயக்கம் உண்டு. இரைப்பைப் புழு என்று ஒன்று இருக்கிறது. அதன் முட்டையும் ஏறக்குறைய இதே உருவம். ஈரல் புழு முட்டை பொன் மஞ்சளாக இருக்கும், அது நிறமில்லாமல் இருக்கும். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டவர்கள் எங்களில் உண்டு.

இப்போது ஸ்கேன் கதைக்கு வருகிறேன். அதுவும் புழு கண்டுபிடிக்கப்பட்ட அதே காலத்தில்தான் தொடங்குகிறது. தாமஸும் லியூக்கார்டும் நத்தையைத் தேடிக்கொண்டிருந்த 1880இல், பாரிஸில் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும். முதல் உலகப் போரில் லாஞ்செவின் அந்த அதிர்வைக் கடலுக்குள் அனுப்பி, எதிரொலி கேட்டு நீர்மூழ்கிக் கப்பலைத் தேட வழி செய்தார். பிறகு இரும்பு ஆலைகளில், உலோகத்துக்குள் மறைந்திருக்கும் வெடிப்பைக் கண்டுபிடிக்க அதே முறை பயன்பட்டது.

கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு டாக்டருக்கு, இரும்புக்குள் தெரிவது உடம்புக்குள் தெரியாதா என்று ஒரு யோசனை. 1955இல், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அங்கே ஒரு துண்டு மாட்டிறைச்சியையும் வைத்திருந்தார்கள். நீர்க்கட்டி ஒரு விதமாகவும், சதைக்கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தது. 1958இல் அவரும் கூட்டாளிகளும் லான்செட் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இருந்துதான் நமக்கெல்லாம் தெரிந்த வயிற்று ஸ்கேன் வளர்ந்தது. மனிதருக்கு வருவதற்கு முன்னால் முதல் சோதனையிலேயே மாடு வந்து சாட்சி சொல்லிவிட்டது என்று என் நண்பரிடம் சொல்ல வேண்டும்.

கால்நடை வைத்தியத்துக்கு அது சினைப் பரிசோதனை வழியாக வந்தது. 1966இல் அமெரிக்காவில் லிண்டால் என்பவர் ஆடு சினையா என்று அலையால் பார்த்தார். 1980இல் பிரான்ஸில் குதிரையின் கருப்பையை அசையும் படமாகவே பார்த்தார்கள். அதன் பிறகு மாடு, எருமை. சினை என்றால் உடனே லாபக் கணக்கு. அதனால் கருவிக்குக் காசு கிடைத்தது. ஈரலுக்கு யார் செலவழிப்பார்கள்? 1990இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஊவெலி பிரவுன் என்ற பேராசிரியர் பசுவின் ஈரலை இந்த விலாவில் இருந்து அந்த விலா வரை அளந்து, ஆரோக்கியமான ஈரல் எப்படித் தெரியும் என்று எழுதி வைத்தார். நல்லது எது என்று தெரிந்தால்தானே கெட்டதைச் சொல்ல முடியும்? பிறகு எருமை இருக்கும் நாடுகளில் அந்த வேலை தொடர்ந்தது. எகிப்தின் நைல் டெல்டாவில் எருமை, வாய்க்கால், நத்தை, புழு எல்லாமே நம்மைப் போலத்தான். அங்குள்ள டாக்டர்கள் எருமை ஈரலைப் பற்றி நிறைய எழுதினார்கள். நம் நாட்டுக் கல்லூரிகளிலும் செய்தார்கள்.

நான் முதன்முதலில் பார்த்தது, சர்வீசின் பிற்பகுதியில், சென்னை வேப்பேரிக் கல்லூரியில் ஒரு பயிற்சியின்போது. வலது விலாவில், 8ஆம் இடைவெளியில் இருந்து 12 வரை மயிரைச் சிரைத்து, ஸ்பிரிட் தடவி, அதன் மேல் ஜெல் தடவினார்கள். நடுவில் துளி காற்று இருந்தாலும் அலை உள்ளே போகாது. எலும்புக்குள்ளும் போகாது, அதனால் இரண்டு விலாவுக்கு நடுவில் கருவியை வைத்து மேலிருந்து கீழே மெல்ல இறக்க வேண்டும். நம் காது கேட்பது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைக்கும்தான். அந்தக் கருவி அனுப்பியது 35 லட்சம். எருமை ஒன்றும் தெரியாமல் அசைபோட்டுக்கொண்டு நின்றது. மயக்க மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை.

திரையில் ஒரே சீரான சாம்பல் நிறம்: அது ஈரல். நடுவே கறுப்புக் குழாய்கள்: ரத்தக் குழாய்கள். கரை வெளுத்திருப்பது குடலில் இருந்து ஈரலுக்கு வரும் சிரை, கரையே தெரியாதது ஈரலில் இருந்து வெளியே போகும் சிரை. முக்கோணமாகத் தெரிந்தது இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரை. கீழே பேரிக்காய் மாதிரி கறுப்பாக ஒரு பை: பித்தப்பை. "பித்த நாளம் எங்கேம்மா?" என்று சொல்லிக்கொடுத்த இளம் பேராசிரியையிடம் கேட்டேன். "நல்ல மாட்டுல தெரியாது சார். தெரிஞ்சாலே வியாதிதான்" என்றார்.

அடுத்து வந்த எருமையில் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று தடித்த கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கறுப்பு நிழல். சுண்ணாம்பு படிந்த இடத்தைத் தாண்டி அலை போகாது, அதனால் நிழல். எனக்குக் காதில் அந்த நறநறச் சத்தம் கேட்டது. இருபது வருடத்துக்கு முன் வாய்க்கால் ஓரம் கத்தி சொன்னதை, இங்கே மாடு நின்றுகொண்டிருக்கும்போதே திரை சொல்லிற்று.

ஈரல் புழுவோடு அது நிற்கவில்லை. சீழ்க்கட்டி வட்டமாக, தடித்த உறையோடு தெரியும். நாயால் பரவும் நீர்க்கட்டிப் புழு, ஈரலுக்குள் கறுப்புக் கோலி உருண்டைகளாகத் தெரியும். கன்று போட்ட கையோடு தீனி எடுக்காத கறவைக்கு ஈரலில் கொழுப்பு ஏறியிருந்தால், படம் மேலே பளிச்சென்றும் ஆழத்தில் மங்கியும் இருக்கும். எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியம் தந்தது கம்பி. தீனியோடு விழுங்கிய ஆணியோ கம்பியோ இதயப் பையைக் குத்தினாலும் தாடையும் நெஞ்சும் இதே மாதிரிதான் வீங்கும். வெளியில் பார்த்தால் புழுவா கம்பியா என்று குழப்பம். ஸ்கேனில் நாளங்கள் சுத்தமாக இருந்து, ஈரல் சிரைகள் உப்பி, அந்த முக்கோணப் பெருஞ்சிரை வட்டமாகிவிட்டிருந்தால், கோளாறு இதயத்தில். புழு மருந்து ஊற்றிப் பயனில்லை.

காமாலையிலும் அப்படித்தான். எருமை மஞ்சளாகிவிட்டால் எல்லோரும் ஈரலைத்தான் குற்றம் சொல்வோம். ஆனால் உண்ணி பரப்பும் ஒட்டுண்ணிகள் ரத்தத்தை உடைத்தாலும் மஞ்சள் வரும். ஈரலும் நாளமும் சுத்தமாகத் தெரிந்தால், ரத்தத்தைப் பார் என்று ஸ்கேன் வழி காட்டிவிடும்.

அதற்காக ஸ்கேன் பொய்யே சொல்லாது என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாள் தீனி எடுக்காத எந்த எருமைக்கும் பித்தப்பை பெரிதாகத்தான் இருக்கும். சாப்பிட்டால்தானே அது சுருங்கும்? அதைப் பார்த்து அடைப்பு என்று எழுதினால் தப்பு. குட்டிப் புழு ஈரலைக் குடையும் ஆரம்ப வாரங்களில் படம் பெரும்பாலும் தெளிவாக எதுவும் சொல்லாது. ஆகவே கண் இமையும் சாணமும் ரத்தமும் இன்றும் வேண்டியதுதான். பித்த நாளம் கெட்டால் ரத்தத்தில் ஜிஜிடி என்ற என்சைம் ஏறும். அதையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் இன்னும் தீரும்.

பயிற்சி முடிந்து சில வருடம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பெரியவர் எருமை கொண்டு வந்தார். அதே மெலிவு, அதே வெளுப்பு, அதே தாடை. சாணத்தில் முட்டை இல்லை. இந்த முறை நான் டானிக் எழுதவில்லை. வண்டி பிடித்து ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன், கூடவே நானும் போனேன். ஈரல் முழுவதும் வெள்ளைக் கோடும் நிழலும். வயிற்றிலும் நீர் கோத்திருந்தது.

"ஐயா, புழு மருந்து ஒரு தடவை ஊத்துறேன். ஆனா ஈரல் கெட்டது கெட்டதுதான், அது இனிமே திரும்பாது. இந்த மாட்டுக்கு இதுக்கு மேல காசு போடாதீங்க" என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத எல்லாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். பிறகு அவரே, "வீட்டுல இன்னும் ரெண்டு இருக்கு. அதுவும் இதே வாய்க்காத்தண்ணிதான் குடிக்குது" என்றார்.

எனக்குச் சுரீரென்றது அங்கேதான். 1983இல் அந்த அம்மாளின் எருமையை அறுத்துப் பார்த்தபோது, அந்தத் தெருவில் இன்னும் பத்துப் பதினைந்து எருமைகள் இருந்தன. எல்லாம் ஒரே வாய்க்கால், ஒரே தாளடி. அன்று சாயந்திரமே அவற்றுக்கெல்லாம் மருந்து ஊற்றியிருக்கலாம். அப்போதே ஆக்சிகுளோசனைடு மருந்து இருந்தது. நான் செய்யவில்லை. என் தப்பு நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தில் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வருடம் அதே தெருவில் இருந்து இரண்டு எருமைகள் அதே தாடையோடு வந்தன.

ஓர் எருமையின் ஈரல் அந்த எருமைக்காக மட்டும் பேசுவதில்லை என்பதை அந்தப் பெரியவர்தான் எனக்குச் சொன்னார். ஸ்கேன் காட்டும் தழும்பு பெரும்பாலும் அந்த மாட்டைப் பொறுத்தவரை தாமதமான செய்தி. ஆனால் பக்கத்துக் கொட்டிலுக்கு அது சரியான நேரத்துச் செய்தி. அந்த வாரமே அவர் தெருவில் இருந்த எல்லா மாட்டுக்கும் மருந்து ஊற்றினோம். அவர் வீட்டு இரண்டு எருமைகளும் அதற்குப் பிறகு கன்று போட்டு நன்றாகப் பால் கொடுத்தன. ஸ்கேன் எடுத்த எருமை நான்கு மாதம் இருந்தது. அதற்கு அவர் மேலே ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை. வைக்கோலும் தவிடும் மட்டும் குறையில்லாமல் போட்டார்.

இன்று கையில் தூக்கிக்கொண்டு போகும் ஸ்கேன் கருவிகள் வந்துவிட்டன. எங்கள் ஊர்ப் பக்கம் வேலை பார்க்கும் இளம் டாக்டர்கள் சிலர் கொட்டிலிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். மாடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு இரண்டே வார்த்தை. அறுவடைக்குப் பிறகு வாய்க்கால் ஓரம் மேய்ந்த எருமைக்கு, தாடை தொங்கும் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கேட்டு ஈரல் புழு மருந்து ஊற்றிவிடுங்கள். வைக்கோலை நன்றாக வெயிலில் காயவைத்துப் போடுங்கள். அந்தக் கூடு வெயிலைத் தாங்காது. எந்த மாட்டுக்காவது ஈரல் புழு என்று தெரிந்தால், பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

அந்த அம்மாளுக்கு இன்சூரன்ஸ் பணம் வந்தது. அது வங்கிக் கடனுக்கே சரியாகப் போயிற்று. நான் மாற்றலாகிப் போகும் வரை வீதியில் பார்க்கும்போதெல்லாம் "நல்லா இருக்கீங்களா டாக்டரய்யா" என்று கேட்பார். அவர் காதில் கடைசி வரை ஈர்க்குச்சிதான் இருந்தது.